மலை வெங்காயத்துக்கு வைக்க ஒரு பேர்

அன்பு மகளே, தாயி,

வீட்டில் அம்மாவும் நானும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு, சௌக்கியமாக இருக்கிறோம். துருக்கியிலிருந்து நீ போட்ட நீலக் கடிதம் போன வாரம் மண்டிக்கு வந்து சேர்ந்தது. பரளச்சிப் பக்கத்து வெங்காயம் லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். சாக்கு மேல் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். படித்து முடித்ததும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயக் கடைக்காரன் கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

பதிலை உடனே எழுதியிருக்க வேண்டும். நீ கேட்டிருந்த கேள்வி அப்படிப்பட்டது, அதனால் தாமதம். இன்றைக்குக் கடைக்கு லீவு. வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு வாய்விட்டு வாசித்துப் பார்க்கிற என் வழக்கத்தை நீ கேலி செய்வாய். இப்போதும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். அங்கே அம்மி ஓடுகிறது, அதனால் நான் முணுமுணுப்பது அவள் காதில் விழாது.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் கடல் பக்கத்து மலையில், பனி உருகி ஓடுகிற ஒரு பாறை இடுக்கில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு காட்டு வெங்காயத்தைப் பார்த்திருக்கிறாய். ரோஸ் நிறத்தில் கொத்தாகப் பூ. பூவுக்குள் இருக்கிற மகரந்தக் காம்பு இதழைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெங்காயத்தின் மேல்தோல் வழக்கம்போல வழுவழுப்பாக இல்லாமல் கோணிச் சாக்கு மாதிரிப் பின்னல் பின்னலாக இருக்கிறது. போன வருஷமே பார்த்துவிட்டாலும், ஏற்கெனவே தெரிந்த வெங்காயம்தான் பாறையில் பசித்துக் கிடந்து இப்படிச் சிறுத்துவிட்டதோ என்று உனக்குச் சந்தேகம். அதனால் இந்த வருஷம் மறுபடியும் மலையேறிப் பார்த்திருக்கிறாய், தோட்டத்தில் நல்ல மண்ணில் வைத்தும் பார்த்திருக்கிறாய். அது மாறவில்லை. காயவைத்துப் பாதுகாத்த பழைய செடி மாதிரிகளோடெல்லாம் ஒப்பிட்டாயிற்று. உன் துறைப் பெரியவர்களும் புதுசுதான் என்று சொல்லிவிட்டார்கள். இனி லத்தீன் பாஷையில் அதன் அங்க அடையாளங்களை எழுதி ஒரு பேரும் வைத்துவிட்டால் உலகம் உள்ளவரை அதற்கு அந்தப் பேர்தான். அந்தப் பேர் அப்பாவுடைய பேராக இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

ரெண்டாம் தடவை மலையேறினாயே, அதைப் படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வானம் பொய்த்த வருஷத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் பட்டாணி அளவு வெங்காயத்தைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இது வேற ரகம், இப்படித்தான் காய்க்கும்" என்பார்கள். அடுத்த வருஷம் மழை பெய்ததும் அந்த 'வேற ரகம்' குண்டு குண்டாக வந்து நிற்கும். ஒரு வருஷ விளைச்சலைப் பார்த்து ரகம் சொல்லக்கூடாது என்பது எங்கள் மண்டியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை உனக்கு நான் சொல்லித்தந்ததில்லை. நீயாகக் கண்டுகொண்டாய். நன்றாக இரு.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மலை, பாறை, பனி, பூ எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அது தண்ணிக்கு என்ன செய்யும்?" என்றாள். பனி உருகித் தண்ணீர் வரும் என்று நீ எழுதியிருந்த வரியை மறுபடி வாசித்தேன். "அப்பச் சரி" என்றாள். பிறகு பேர் வைக்கிற சங்கதியை வாசித்தேன். "வைக்கட்டும். நல்லதுதான். ஆனா நாளைக்கு நாலு பேரு எங்கிட்ட வந்து, உங்க மக கண்டுபிடிச்ச செடிக்கு என்ன பேருன்னு கேட்டா, நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவள் என் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது நடந்ததை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வந்து, "புருஷன் பேரு என்னம்மா?" என்று கேட்டிருக்கிறாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், "அருப்புக்கோட்டையில கடை போர்டுல எழுதியிருக்கு, போயிப் பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸம்மா வெளியே வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உன் அண்ணனுக்கு என் அப்பா பேரை வைத்ததும் அவளுக்குச் சங்கடமாகிப் போயிற்று. மாமனார் பேராயிற்றே, பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? இன்றுவரை அவன் அவளுக்குப் 'பெரியவன்'தான். எங்கள் வீட்டு ஆண்கள் பேரெல்லாம் போர்டில் தொங்கும், அவள் வாயில் வராது. இப்போது நீ ஒரு செடியையும் அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறாய்.

அன்றைக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. நரிவெங்காயம் ஞாபகத்துக்கு வந்தது. நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் பங்குனியில் பரளச்சியைத் தாண்டிக் குலசாமி கும்பிடப் போனோம். காடு காய்ந்து கிடந்தது. ஒரு புல் பச்சை இல்லை. அந்த மண்ணைக் கிழித்துக்கொண்டு இலையே இல்லாமல் நெட்டையாக ஒரு தண்டு நின்றது, உச்சியில் மங்கின நிறத்தில் சின்னச் சின்னப் பூ. ஆடுகள் கிட்டே வந்து மோந்துவிட்டு விலகிப் போயின. நாங்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது நீ குச்சியால் தோண்டி அடியில் இருந்த கிழங்குகளில் ரெண்டை எடுத்து வந்துவிட்டாய். கையெல்லாம் அரிப்பு. அழுதுகொண்டே, அப்போதும் அதைக் கீழே போடாமல் வந்து நின்றாய். நான் வெங்காய வியாபாரி என்கிற தோரணையில் வாங்கிப் பார்த்து, "காட்டு வெங்காயம்" என்று தீர்ப்புச் சொன்னேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெங்காயம்னா வாசம் வரணும்ல, இதுல வரலையேப்பா?" என்றாய். மோந்து பார்த்தேன். வாசம் இல்லைதான், அது நரிவெங்காயம் என்று பிறகுதான் தெரிந்தது. சாமி கும்பிட வந்த இடத்தில், சொந்தக்காரர்களுக்கு முன்னால், என் தொழிலிலேயே என்னை மடக்கிவிட்டாய். உன் மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ரெண்டு கிழங்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பானை ஒன்றில் மண் போட்டு வைத்தாய். அரிசிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற காலம் அது. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. உன் அம்மா அந்த வறட்சியில் தினமும் அரிசி களைந்த தண்ணீரைத் தன் பித்தளைச் செம்பில் பிடித்து வைத்து அந்தப் பானையில் ஊற்றுவாள். பிள்ளை ஆசையாக வைத்த செடியாம், முளைக்காமல் போனால் பிள்ளை ஏங்கிவிடுமாம். முளைக்கவில்லை. முளைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஒருநாள் பானையிலிருந்து வாடை வந்தது. தோண்டிப் பார்த்தால் ஒன்று அழுகிக் கூழாகிப் போயிருந்தது. நம் ஊரில் செடி சாவது தண்ணீர் இல்லாமல்தான். தண்ணீரால் ஒரு செடி செத்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்துவிட்டாள். நீதான், "இன்னொண்ணு இருக்குல்லம்மா" என்று அவளைத் தேற்றினாய்.

அந்த இன்னொன்றைத் துடைத்து, நூலில் கட்டி, கடை வாசலில் படிகாரக் கல்லுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். "மண்ணுல கெடந்து பட்டது போதும். காத்தாடக் கெடக்கட்டும். அதுபாட்டுக்குக் கண்ணேறு கழிஞ்சா கழியட்டும்" என்றாள். நான் கிண்டல் செய்தேன். வெங்காயக் கடைக்குத் திருஷ்டி கழிக்க வெங்காயமே கட்டினவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த பங்குனியில் ஒருநாள் கடையைத் திறக்க வந்தால், தொங்கின கிழங்கிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தண்டு. மண் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்டு முதலில் பக்கவாட்டில் நீட்டி, பிறகு தானாகவே வளைந்து வானத்தைப் பார்த்து ஏறியது. பொழுது சாய்ந்ததும் கீழேயிருந்து வரிசையாகப் பூ விரியும், விடிந்தால் வாடிவிடும். பாளையம்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். நீ ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டு கீழே இறங்கவே மாட்டேன் என்றாய். "இதுக்கு யாரு சோறு போடுறா?" என்று நீ கேட்டதும், கேட்டுவிட்டு எங்கள் யார் பதிலுக்கும் காத்திருக்காமல் அந்தக் கிழங்கையே உற்றுப் பார்த்ததும் எனக்கு நேற்று நடந்ததுபோல இருக்கிறது.

நீ செடி படிக்கப் போனது அந்த ஸ்டூலிலிருந்துதான் என்று நான் நம்புகிறேன். நீ வேறு காரணம் சொல்லலாம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். துருக்கிக்குப் போக இடம் கிடைத்திருக்கிறது என்று நீ மதுரையிலிருந்து வந்து சொன்னபோது நான் "பாக்கலாம்" என்றேன். வியாபாரி 'பாக்கலாம்' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அந்த வாரமே விருதுநகரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நீ காலேஜில் இருந்தாய். நல்ல குடும்பம், பையனும் தங்கமான பையன். காப்பி குடித்துவிட்டு, "அப்ப எப்ப வச்சுக்கிடலாம்?" என்று அவர்கள் கேட்டார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அப்போது நிலைப்படியில் நின்ற உன் அம்மா பேசினாள். ஆம்பளைகள் பேசுகிற இடத்தில் அவள் பேசி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எங்க பொண்ணு வெளிநாட்டுக்குப் படிக்கப் போறா. வாரதுக்கு வருஷம் ஆகும். காத்திருக்கத் தோதுன்னா காத்திருங்க. இல்லைன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாம நல்ல இடமாப் பாத்துக்கங்க" என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

நான் செய்தது அவ்வளவுதான் தாயி. ஒரு தலையாட்டல். அதற்குத்தான் இந்த ஊரே, 'பொம்பளைப் பிள்ளையைத் தைரியமாகச் சீமைக்கு அனுப்பின மனுஷன்' என்று என்னைக் கொண்டாடுகிறது. கூட்டுறவு பாங்கிக்குப் போனால் நாற்காலி போடுகிறார்கள்.

அவர்கள் போன பிறகு, "என்ன, ஒரு வார்த்தை கேக்காம இப்படிச் சொல்லிட்ட?" என்றேன். காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பிரியம் பிரியம்னு தண்ணி ஊத்தி ஒண்ணை அழுக விட்டது போதும். இவளுக்கும் ஊத்தச் சொல்லுதீகளா?"

ஆனால் அன்றிலிருந்து நீ பஸ் ஏறுகிற நாள்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. வீரசோழன் ஊர்க் காதர் பாய் சரக்கெடுக்க வந்திருந்தார். ஹஜ்ஜுக்குக் கப்பலில் போய்வந்தவர், அங்கே துருக்கிக்காரர்களைப் பார்த்தவர். அவரைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லி, கதவோரமாக நின்றுகொண்டு, "அந்த ஊரு ஆளுக எப்படி பாய்?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "கொஞ்சம் முரட்டு ஆளுகதான் தாயி. ஆனா விருந்தாளிக்கு எடுத்து வச்சிட்டுத்தான் தாங்க திம்பாக. குளிருதான் சாஸ்தி" என்றார். அந்த ராத்திரிதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். மறுநாள் உனக்குப் பருப்புப் பொடி இடித்தாள். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நீ அடுத்த கடிதத்தில் அவரை விசாரித்து ஒரு வரி எழுது. 'துருக்கிக்காரர்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான் மாமு' என்று எழுதினால் வீரசோழன் முழுக்கக் காட்டிவிடுவார்.

அப்பன் என்று இருந்தால் நாலு புத்தி சொல்லாமல் விடமாட்டான். பொறுத்துக்கொள். எந்த மலையிலும் கடைசிக் கிழங்கைத் தோண்டாதே. உன் ஆராய்ச்சிக்கு வேண்டியதை எடு, மிச்சத்தை அதன் மண்ணுக்கே விடு. எத்தனை கஷ்டத்திலும் விதை வெங்காயத்தில் கைவைக்காத சம்சாரிதான் மறுவருஷமும் மண்டிக்கு வண்டி கட்டி வருவான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. நாலு பேர் புதுசு என்று சொன்னாலும் உனக்குச் சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுது. இதை நீ ஏற்கெனவே செய்கிறாய், இருந்தாலும் சொல்கிறேன். மலையில் தனியாக ஏறாதே. உனக்குப் பாறையைக் காட்டி, ரொட்டியும் மோரும் கொடுத்து, ராத்திரி தங்க இடமும் கொடுத்தார்களே அந்த ஆட்டுக்கார வீட்டு ஜனங்கள், அவர்களுக்கு என் சார்பில் கும்பிடு சொல். பாஷை தெரியாவிட்டாலும் கையெடுத்துக் கும்பிட்டால் புரியும். எங்கள் பிள்ளைக்குச் சோறு போட்ட கைக்கு நாங்கள் எப்போதும் நன்றி உள்ளவர்கள்.

இனி பேர் சங்கதி. என் பேர் வேண்டாம். கோபமோ அடக்கமோ ஒன்றும் இல்லை. என் பேர் கடை போர்டில் இருக்கிறது, பத்திரத்தில் இருக்கிறது, உன் பேருக்கு முன்னால் முதல் எழுத்தாகவும் நிற்கிறது. இதற்கு மேல் அது எங்கே போக வேண்டும்? உன் அம்மா பேர் எங்கே இருக்கிறது என்று இந்த நாலைந்து நாளாகத் தேடிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையைக் கரையான் தின்றுவிட்டது. என் அம்மா அவளை 'மருமகளே' என்றார்கள். நீங்கள் 'அம்மா' என்றீர்கள். தெருவில் எல்லாருக்கும் அவள் 'மண்டிக்கார வீட்டு அக்கா'. நானும் இத்தனை வருஷமாக 'இந்தா' என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். அவள் என் பேரைச் சொல்லாததைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே தவிர, நான் அவள் பேரைச் சொன்னதே இல்லை என்பது நீ கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் ஒரே ஒரு இடத்தில் அது கிடைத்தது. அவளுக்குச் சீராக வந்த பித்தளைச் செம்பு. உன் தாத்தா பாத்திரக் கடையில் உட்கார்ந்து பேர் வெட்டி வாங்கிக் கொடுத்தது. நீ பள்ளிக்கூடம் போகிறதற்கு முன்னாலேயே அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாய், நீ படித்த முதல் வார்த்தை அதுதான். எழுத்து தேய்ந்துபோய்விட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. அந்தச் செம்பால்தான் அவள் நரிவெங்காயத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். மண்ணில் அழுகினதைப் பார்த்து அழுததும் அவள்தான், மிச்சத்தைக் காற்றில் தொங்கவிட்டுப் பூக்கவைத்ததும் அவள்தான், உன்னை மலைக்கு அனுப்பினதும் அவள்தான். உன்னைப் போல ஒருத்தி என் வீட்டில் வளர்ந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் அடுப்படியில்தான் இருக்கிறாள். இன்னும் அவளிடம் இதை நான் சொல்லவில்லை. அந்தச் செம்பு இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். அந்த வெங்காயத்துக்கு நீ வைக்க வேண்டிய பேர்:

ராமுத்தாய்.

வழக்கம்போல வாய்விட்டு வாசித்துவிட்டேன். அம்மி நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுப்படியிலிருந்து, "இந்தா வாரேன்" என்று பதில் வருகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டும் தாயி, நிறுத்துகிறேன்.

உன் அப்பா